பிசிறில்லாத பாட்டு

எல்லாருக்கும் என் செருப்புதான் நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரரின் தலை தரையில் மோதிய சத்தத்தை அந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். ஒருத்தர் மனதிலும் அது தங்கவில்லை. ராஜபாளையம் ரோட்டில் டீ குடிக்கிறவர்கள் முதல் தாலுகா ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் வரை எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கபடிக் களத்துக்குள் ஒரு பொம்பளை செருப்புக் காலோடு ஏறினாளாமே, நிஜந்தானா என்று.

நிஜந்தான். ஏறியவள் நான்தான். பெயர் யோகலட்சுமி. பிறந்தது திருவேங்கடம், வாழ்க்கைப்பட்டது சங்கரன்கோவில், வேலை இங்குள்ள தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். கோபக்காரி என்று ஆபீசிலும் தெருவிலும் எனக்குப் பெயர் உண்டு. அதை மாற்றிக்கொள்ள நான் எந்த முயற்சியும் எடுத்ததில்லை. கோபப்படாமல் இருந்தால் மட்டும் இந்த ஊரில் எனக்குச் சிலை வைத்துவிடப் போகிறார்களா?

என் வீட்டுக்காரர் பேச்சிராஜா பூ மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் மல்லிகை மூட்டையோடு கிளம்பினால் மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். சாயங்காலமானால் கபடி. வளர்பிறைக் கபடிக் குழுவுக்கு அவர்தான் ரெய்டர். அதாவது எதிராளியின் கட்டத்துக்குள் ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து சேர வேண்டியவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஆடுவதைப் பார்த்துத்தான் சம்மதித்தேன். அவர் பாடினால் மூச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது. கபடியின் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு அப்படித்தான் பேசினார்கள்.

வளர்பிறைக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டு விழுந்தவனை எழுப்பி நிறுத்தி, உரக்கடை வைத்திருக்கிற கோச் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி அவன் எதிரே நின்று பாடச் சொல்லுவார். நின்ற இடத்திலேயே ஒரு மூச்சு பாடிக் காட்ட வேண்டும். பாட்டு நடுவில் அறுந்தால் உட்கார வேண்டும். அறாமல் போனால் ஆட வேண்டும். விலாவில் அடிபட்டவனுக்கு இது சரியான சோதனைதான். மூச்சை இழுக்கும்போதே முகம் காட்டிக் கொடுத்துவிடும். அதில் நாலைந்து பையன்கள் தப்பித்திருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. தலையில் அடிபட்டவனுக்கும் அதே சோதனை என்று வைத்தார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பாடிப் பாடி நாக்கில் ஊறிப்போனது அந்தப் பாட்டு. அதைப் பாட நெஞ்சில் காற்று இருந்தால் போதும். மண்டைக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். காலையில் பனவடலிசத்திரத்துக்காரர்களை ஜெயித்து, சாயங்காலம் கடையநல்லூர் அணியோடு மோத வேண்டும். நான் பெண்கள் பக்கத்தில், கயிற்றை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். முதல் பாதி முடியப் போகிற நேரம். அவர் பாடிப் போனார். கடையநல்லூரின் இடது ஓரத்தில் நின்ற பையன் ஒருத்தன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். அவர் சாய்ந்து விழும்போது, பின்னாலிருந்து ஓடி வந்த இன்னொருத்தனின் முட்டி அவர் நெற்றிப் பொட்டில் இடித்தது. அதோடு பின்மண்டை தரையில் மோதியது. விழுந்த வேகத்தில் கை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டதால் அவர் அவுட் இல்லை. யார் மேலும் குற்றமில்லை. ஆட்டத்தில் அப்படி நடக்கத்தான் செய்யும். அது வரைக்கும் எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது.

அவர் ஒரு கை விறைத்தபடி அப்படியே கிடந்தார். கொஞ்ச நேரந்தான். அதற்குள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். முகத்தில் சோடாவை அடித்தார்கள். காதைத் திருகினார்கள். ஒருத்தன் கன்னத்தில் தட்டினான். தலையில் அடிபட்டவனுக்கு இன்னும் ரெண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ. அவர் கண்ணைத் திறந்ததும் தூக்கி நிறுத்தினார்கள். கூட்டம் கைதட்டியது.

“ஏலே பேச்சி, பாடு பாப்போம்” என்றார் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி.

அவர் பாடினார். சத்தியமாகச் சொல்லுகிறேன், அன்றைக்குப் பாடியதைப் போல அவர் என்றைக்கும் பாடியதில்லை. ஒரு இழுப்பில்லை, ஒரு திக்கலில்லை. கண்ணை மூடிக்கொண்டால் கம்பீரமான ஆள் ஒருத்தர் நிற்கிறார் என்றுதான் தோன்றும். விசில் பறந்தது. பல பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அண்ணாச்சி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, போய் நில் என்றார்.

அவர் போய் நின்றார். கடையநல்லூர்க்காரர்கள் பக்கத்தில்.

நடுக்கோட்டைத் தாண்டி நேரே நடந்து போய், தன் காலைப் பிடித்துத் தள்ளிய அதே பையனுக்குப் பக்கத்தில் நின்று, முழங்காலை மடித்துக் குனிந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பாடி வருகிறவனைச் சுற்றி வளைக்கத் தன் கூட்டாளியின் கையைப் பிடிப்பார்களே, அப்படி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் பின்னாலிருந்து ஒருத்தன், லந்தைப் பாருல, அடிபட்டும் குசும்பு போகல என்றான். அண்ணாச்சியும் சிரித்தார். அந்தப் பையனும் சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி விட்டான்.

அவர் சிரிக்கவில்லை. அதை நான் ஒருத்திதான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். குசும்பு பண்ணினால் அவருக்கு முதலில் இடது புருவம் ஏறும். அன்றைக்கு அது ஏறவே இல்லை. எழுந்தேன், கயிற்றுக்கு அடியில் குனிந்தேன், களத்துக்குள் போனேன். காலில் என்ன கிடந்தது என்று குனிந்து பார்க்க எனக்கு நேரமில்லை.

போய் அவர் முன்னால் நின்று, காலையில் யாரோடு ஆடினீர்கள் என்று கேட்டேன்.

“காலையிலயா? இப்பத்தானட்டி வாரோம்” என்றார்.

அண்ணாச்சி ஓடி வந்தார். ஆடுகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டு ஏறுகிற மண் இது, செருப்போடு மிதிக்கிறாயே, பொம்பளைக்கு இங்கே என்ன சோலி என்று கத்தினார். அவர் பாடினது உன் காதில் விழவில்லையா என்று வேறு கேட்டார்.

“அவரு எந்தப் பக்கம் போயி நின்னாருன்னு பாத்துட்டுப் பேசுங்க அண்ணாச்சி” என்றேன்.

அதற்கு மேல் நான் யாரிடமும் பேசவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் என்னென்னவோ கேட்டது. சில வார்த்தைகளை எழுத முடியாது. என் மாமியார் இசக்கித்தாய் கூட்டத்துக்கு நடுவில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். வளர்பிறைக் குழு ரெண்டு புள்ளியில் தோற்றது. கோப்பை கடையநல்லூர் போய்விட்டது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். நாம எங்கன போறோம்? சொல்லுவேன். சரி என்பார். வண்டி ஒரு வளைவு திரும்புவதற்குள் மறுபடி, நாம எங்கன போறோம்? ஒரு தடவை வாந்தி எடுத்தார். நான் அழவில்லை. சோடா அடித்தவனையும் காதைத் திருகினவனையும் மனதுக்குள் வைதுகொண்டே போனேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. நல்ல சேதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும். அங்கே எங்களைப் பார்த்தவர் ஆயிஷா சித்திகா என்கிற டாக்டர். பொறுமையாகச் சொன்னார். எலும்பு உடைந்தாலோ உள்ளே ரத்தம் கசிந்தாலோதான் ஸ்கேனில் தெரியும். இது மூளை உள்ளே குலுங்கினதால் வந்தது, படத்தில் தெரியாது. தலைவலி, மறதி, கண்கூச்சம், எரிச்சல், தூக்கக் கோளாறு இவற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரெண்டு நாள் நல்ல ஓய்வு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். நடக்கும்போது தலை வலிக்காவிட்டால் மெல்ல ஓடலாம். அதுவும் சரியாக இருந்தால் ஆள் மேல் மோதாத பயிற்சி. ஒவ்வொரு படியிலும் தலைவலி வந்தால் ஒரு படி இறங்கிவிட வேண்டும். கடைசியில் தன்னிடம் வந்து காட்டிய பிறகுதான் ஆட்டம். அது வரைக்கும் பைக்கும் கூடாது, ஆட்டோவும் கூடாது.

“இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா மூளை வீங்கிரும்மா. சில பேரு பிழைக்கிறதில்ல” என்றார் டாக்டர்.

இதை நான் ஊரில் எத்தனை பேரிடம் சொன்னேன் தெரியுமா? ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாமே என்று ஆரம்பித்து, அப்ப ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை நீதான் கெடுத்திருக்க என்று முடிப்பார்கள். என் மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல், கோயில் புற்றுமண்ணைக் குழைத்து மகன் நெற்றியில் பூசிவிட்டார். என் கூட வேலை பார்க்கிற ஒருத்தி இந்தக் காலத்திலும் இப்படியா என்று சிரித்தாள். எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. புற்றுமண் யாரையும் களத்துக்குப் போய் ஆடு என்று சொல்லவில்லையே.

வீட்டில் அவர் வேறு ஆளாக இருந்தார். ஜன்னலைத் திறந்தால் கண்ணைப் பொத்துவார். மிக்ஸி ஓடினால் எழுந்து வெளியே போவார். கூட்டாளி ஒருத்தர் பார்க்க வந்தபோது பழக்கத்தில் ஒரு பொட்டலம் மல்லிகை கொண்டு வந்தார். அந்த வாசனை பட்டதும் இவர் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். நாள் முழுக்க அந்தப் பூவோடு கிடந்த ஆள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அதெல்லாம் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

பொறுக்க முடியாதது வேறு. அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக நினைவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டில். நடுவில் ஒன்றுமே இல்லை. விழுந்தது இல்லை, பாடியது இல்லை, எதிராளி பக்கம் போய் நின்றது இல்லை. அந்த இடத்தை ஊர்க்காரர்கள் நிரப்பிவிட்டார்கள். அவருக்கு எதுவும் ஆகவில்லை, நன்றாகப் பாடினார், பெண்டாட்டி செருப்புக் காலோடு ஏறி, ஊர் பார்க்க அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இதுதான் அவர் அறிந்த கதை. என் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவர்தான், அவருக்கோ அன்றைக்கு நடந்தது ஒன்றுமே தெரியாது. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

போதாக்குறைக்குச் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் ஒரு வீடியோ வைத்தார். என் வீட்டுக்காரர் நின்று பாடுகிறார். விசில் பறக்கிறது. அதோடு வெட்டிவிட்டார்கள். கீழே, ‘இந்தச் சிங்கத்தை உட்கார வைத்தது யார்?’ என்று எழுத்து. அதை இவர் போர்வைக்குள் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். செல்போன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்று பிடுங்கப் போனேன்.

“எனக்கு ஒண்ணுமில்லட்டி. என் மானத்த வாங்கிட்ட” என்றார்.

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு ணங்கென்று கரண்டியைப் போடுவேன், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பிறகு சத்தம் அவருக்கு ஆகாது என்று ஞாபகம் வந்து, மெதுவாக வைத்துத் தொலைப்பேன். கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியாத வீடாகிவிட்டது.

அடுத்து வந்த ஞாயிறு தாண்டி அதற்கு மறு ஞாயிறு வாசுதேவநல்லூரில் போட்டி. அண்ணாச்சி தினமும் போன் பண்ணுவது எனக்குத் தெரியும். இவர் வாசல் பக்கம் போய் நின்று முணுமுணுவென்று பேசுவார். நடந்து பார்த்தாரா என்றால் நடந்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி வரும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் வருவார், என்னைக் கண்டதும் கையை எடுத்துவிடுவார். அந்த ஆள் களத்தில் போய் ஏழு பேருக்கு நடுவில் விழப் போகிறார். சனிக்கிழமை காலையில் பீரோவுக்குப் பின்னால் அவருடைய பையைப் பார்த்தேன். உள்ளே வளர்பிறைக் குழுவின் பனியனும் கால்சட்டையும் மடித்து வைத்திருந்தது. மடித்து வைத்தவர் என் மாமியார். ஏன் அத்தை என்று கேட்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியல, போயிட்டு வரட்டுமே என்றார். பெற்ற தாய். எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது.

பையை ஒளித்து வைக்கலாம். வைத்தால் இன்னொரு பனியன் கொடுப்பார்கள். கதவைப் பூட்டலாம். நான் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டுமே, எத்தனை நாள் பூட்டுவது? மறுபடி களத்துக்குள் ஏறினால் இந்தத் தடவை கயிற்றுக்கு அந்தப் பக்கமே என்னைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். எப்படி யோசித்தாலும் மறுநாள் அவர் போவார் என்றுதான் முடிந்தது. நான் விதவையாகப் போவதை எல்லாரும் கைதட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே எழுதுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கையில் சாத்துக்குடிப் பையோடு ஒரு இளைஞன். அடையாளம் தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணுக்காலைப் பிடித்த பையன். கபீர் என்று பேர் சொன்னான். கடையநல்லூரில் செல்போன் கடையில் வேலை, வளைகுடாவுக்கு விசா எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறானாம். உங்கள் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும் என்று முன்னாலேயே நினைத்தேன், வர முகமில்லை என்றான். உட்காரச் சொன்னேன். விருந்தாளி ஆயிற்றே.

என் வீட்டுக்காரருக்கு அவனைப் பார்த்ததும் சந்தோஷம். எழுந்து உட்கார்ந்தார். கோப்பையை வாங்கிட்டுப் போயிட்டியலே, அடுத்த வருசம் பார்த்துக்கிடுதோம் என்று பேசினார். நாளைக்கு வாசுதேவநல்லூரில் ஆடப் போகிறேன் என்றும் அவனிடம்தான் முதலில் சொன்னார். நான் பக்கத்தில் நிற்கும்போதே.

கபீர் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“அன்னைக்கு எங்க பக்கம் வந்து நின்னீங்களே, அது ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

இவர் சிரித்தார். “லந்துக்குப் பண்ணிருப்பேம்ல” என்றார். ஊர் சொன்னதையே இவரும் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே மனது விட்டுப் போயிற்று.

கபீர் தலையை ஆட்டினான். “இல்ல அண்ணாச்சி. என் கையப் புடிச்சீங்க. கை சில்லுன்னு இருந்துச்சு. ‘ஏலே, நாம யாருகூடல ஆடுதோம்’னு கேட்டீங்க. மெதுவாத்தான் கேட்டீங்க. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு.”

அடுப்படியிலிருந்து வந்த என் மாமியார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் தன் வலது கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தார்.

எனக்கோ நன்றி வரவில்லை. இத்தனை நாள் நான் ஒற்றை ஆளாகக் கத்திக்கொண்டிருந்ததற்கு ஒரு சாட்சி வந்து உட்கார்ந்திருக்கிறது. வந்ததோ கோபந்தான். அப்படியென்றால் உனக்கு அப்போதே தெரியும், நடுக்கோடு ரெண்டு எட்டு தூரம், நடுவர் அங்கேயே நின்றாரே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவன் சாத்துக்குடிப் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகுதான் சொன்னான்.

“சொன்னா அண்ணாச்சிய உக்கார வச்சிட்டு வேற ஆள இறக்கியிருப்பாங்கக்கா. இந்த நெலமையில அண்ணாச்சி பாடி வந்தா எங்களுக்குப் பிடிக்க லேசு. அதான் சிரிச்சிட்டுச் சும்மா இருந்துட்டேன்.”

“பிடிக்கிறப்ப மறுபடி தலையில அடிபட்டிருந்தா?” என்றேன்.

“நீங்க ஏறி வந்தீங்க. அல்லாஹ் காப்பாத்தினான்” என்றான்.

எல்லாப் பாரத்தையும் அல்லாஹ் மேலும் என் செருப்பு மேலும் போட்டுவிட்டான். அவனுக்கு நான் டீ போட்டுக் கொடுக்கவில்லை. வீடு தேடி வந்து உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு வாய் டீ கொடுக்காமல் விட்டது தப்பென்று என் மாமியார் இன்றைக்கும் சொல்லுகிறார். தப்பாக இருந்தால் இருக்கட்டும். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. காதில் வைத்தால் தலை வலிக்கிறதென்று இவர் கொஞ்ச நாளாகவே ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அண்ணாச்சிக்கு அது தெரியாது. நாளைக்குக் காலையில் வேன் வந்துவிடும், தெருமுனையில் நில், உன் பெண்டாட்டி கண்ணில் படாமல் வா என்றார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தலை எப்படில இருக்கு? எங்க, ஒருக்கா பாடு. கேட்டுக்கிடுதேன்” என்றார்.

இவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்து, பாட ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். கபீர் தன் கையை நீட்டி என்னை நிறுத்தினான். கபடி கபடி கபடி கபடி என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மின்விசிறிச் சத்தமும் அந்தப் பாட்டும் மட்டுந்தான் வீட்டில். நெற்றிப் பொட்டில் நரம்பு புடைத்து, மூடிய கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. வலிதான். பாட்டில் அது கொஞ்சமும் தெரியவில்லை. ஒரு மூச்சு முடிய நிறுத்தினார்.

போனில் அண்ணாச்சி கடகடவென்று சிரித்தார். போதும்ல, வந்துரு என்றார்.

“அண்ணாச்சி, அன்னைக்கும் இப்படித்தான் பாடுனேனா?” என்று இவர் கேட்டார்.

“இதே மாதிரிதாம்ல. ஒரு பிசிறு கிடையாது.”

இவர் கண்ணைத் துடைத்தார். கபீரைப் பார்த்தார்.

“அப்ப இத வச்சு என்னத்தக் கண்டீங்க? நான் வரல” என்றார்.

அண்ணாச்சி என்னவோ சொன்னார். பெண்டாட்டி, முந்தானை என்று ரெண்டு வார்த்தை காதில் விழுந்தது. இவர் போனை அணைத்து, கட்டிலில் குப்புற வைத்தார். பையை எடுத்து உள்ளே வை என்று தன் அம்மாவிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பெல்லாம் அந்த ஆளுக்கு வராது. மறுநாள் காலையில் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. இவர் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். வேன் போய்விட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் என் கோபம் எப்போதோ தணிந்திருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது, இவர் வாசல்படியில் சட்டை போட்டுத் தலை வாரி உட்கார்ந்திருந்தார். வாசுதேவநல்லூர் ஆட்டத்தில் இவருக்குப் பதிலாக அருண்பாண்டியன் என்கிற பையனை இறக்கியிருக்கிறார்கள். இவர்தான் அவனுக்குப் பாடச் சொல்லிக் கொடுத்தவர். அவனும் விழுந்திருக்கிறான். தலைதான் முதலில் தரையில் பட்டதாம். எழுப்பி நிறுத்திப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பாடினானாம். கடைசி வரை ஆடினானாம். இன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறானாம், ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிப் போகவில்லையாம். வாசுதேவநல்லூரில் கோப்பை ஜெயித்துவிட்டார்கள் என்பதையும் சொன்னார்.

நான் உள்ளே போக, வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

“கழத்தாதட்டி. செருப்பப் போடு, அண்ணாச்சி உரக்கடைக்குப் போவோம். அப்படியே அந்தப் பயலத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றார்.

மறுபடி மாட்டிக்கொண்டேன். அவர் பைக் ஓட்டக் கூடாது என்பதால் ரெண்டு பேரும் நடந்தே போனோம்.